காணாமல் போன நாற்பது குதிரைகள்

அத்தியாயம் ஏழு

பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்று சோடா சொல்லிக்கொண்டிருந்தது காலை பத்து மணி வரைக்கும்தான். பதினொன்றே காலுக்கு அவன் பின்கழுத்தில் யாரோ கையை வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

அதற்குள் அவசரப்பட வேண்டாம், முறையாகவே வருவோம்.

சோடா என்பது கூட்டாளிகள் வைத்த பேர். வாயைத் திறந்தால் பொங்கிவிடும் என்பதால். முப்பத்து நாலு வயது, எட்டு வருஷம் பஸ் கண்டக்டர், இப்போது மேடத்துக்கு உதவியாளன். மேடம் தனியாகத் துப்பறிகிறவர், முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். விபத்து என்று எழுதி வருகிற காகிதங்களில் எது நிஜ விபத்து என்று பார்ப்பதுதான் வேலை. இருபது வருஷம் அதைப் பார்த்ததில் காகிதத்தின் நாலு மூலையையும் படிக்காமல் கீழே வைக்கிற பழக்கம் போய்விட்டது. ஹோட்டல் மெனு கார்டைக்கூட அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் காபி சொல்வார்.

ஷெட், தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது. முன்னால் ஒரு ஷட்டர். உள்ளே தரையோடு தரையாகப் பதித்த இரண்டு இரும்பு உருளைகள், அவற்றின் மேல் பின்சக்கரத்தை ஏற்றி நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிய ஒரு நீல நிற பிக்கப் வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் பறக்கும், வண்டி ஓர் அங்குலம் நகராது. சக்கரம் உருளையை எந்த வேகத்தில் உருட்டுகிறது என்பதை வைத்து, எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று பக்கத்து மெஷின் தாளில் அடித்துக் கொடுக்கும். அதற்கு டைனோ என்று பேர்.

“என் கதைதான் மேடம்” என்றான் சோடா. “மிதி மிதின்னு மிதிக்கறேன். இருக்கற இடத்துலயே இருக்கேன்.”

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள்தான் இவர்களை வரச்சொன்னவள். அந்த ஷெட்டை நடத்திய ட்யூனரின், அதாவது எஞ்சின்களின் சக்தியைக் கூட்டித் தருகிறவனின் மனைவி. கணவன் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, இவள் ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். தாள் அடிப்பது, கோப்பில் போடுவது, வாடிக்கையாளருக்கு போன் செய்வது எல்லாம் இவள்தான். அஞ்சு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த ஷெட்டுக்குள்ளேயே அவன் புகையில் செத்துப்போனான்.

“எம்பொண்ணுக்கு ஏழு வயசு” என்றாள். “உங்கப்பா வேணும்னே செத்துட்டாராமேன்னு ஸ்கூல்ல ஒரு குழந்தை கேட்டிருக்கு. அவ வந்து என்னைக் கேக்கறா. நான் என்ன சொல்லட்டும் மேடம்? நாங்க வேண்டாம்னு நினைச்சு அவரு போனாரா, இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்.”

“தெரிஞ்சா தாங்குவீங்களா?”

“தெரியாம இருக்கறதைத்தானே இத்தனை நாளா தாங்கிட்டிருக்கேன்.”

போலீஸ் சொன்னதை அவள் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஷட்டர் உள்பக்கம் தாழ். அது அவன் வழக்கம். சக்கரம் சுழலும்போது யாரும் பின்னால் வந்துவிடக்கூடாது. சுவரில் இருக்கிற புகை விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டியின் புகைக்குழாயில் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டியிருக்கும், விசிறி அது வழியாகப் புகையை இழுத்துச் சுவருக்கு வெளியே தள்ளும். அன்றைக்கு அந்த ஹோஸ் கழற்றித் தரையில் வைக்கப்பட்டிருந்தது. பிடுங்கி எறியவில்லை, ஸ்க்ரூவைக் கழற்றி நிதானமாக எடுத்து வைத்திருந்தது. அவன் ஷட்டருக்கு மூன்றடி முன்னால் குப்புற விழுந்து கிடந்தான். கையில் டைனோ தாள்.

“அதுல இருநூத்தி தொண்ணூத்தி நாலுன்னு இருந்துச்சு. முந்நூறு வரணும்னு ஒரு வருஷமா உழைச்சாரு. பெரிய டர்போ போட்டாரு, காத்துக் குழாயை அகலமாக்கினாரு, சைலன்சரை மாத்தினாரு. நூத்தித் தொண்ணூறுல வந்த வண்டி. அதுல ஒவ்வொரு குதிரையா கட்டினாரு. முதல் நாள் இருநூத்தி தொண்ணூத்தி எட்டு. அடுத்த நாள் அதுவும் குறைஞ்சுபோச்சு. மனசு விட்டுப்போய் ஹோஸைக் கழட்டிட்டாருன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க.”

“முந்நூறு எதுக்கு?”

“மலைப்பாதையில வண்டி ஏத்தற பந்தயம்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “முந்நூறு வந்தா ஏறறேன், வரலைன்னா விட்டுடறேன்னு எங்கிட்ட சொல்லியிருந்தாரு. போன வருஷம் அதுல ரெண்டு வண்டி உருண்டுச்சு. அதுல செத்துப்போன ஒருத்தர் வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போய்ட்டு வந்தோம்.”

சோடாவின் கண் அறையைச் சுற்றி வந்தது. அலமாரியின் நடுத்தட்டில் ஐந்து வேலைச் சட்டைகள். சாம்பல் நிறம். துவைத்து, இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டி மடித்திருந்தது. அஞ்சு மாசமாக ஆள் இல்லாத சட்டைகளில் ஒரு தூசி கிடையாது. ‘கடையில விக்கற மாதிரி மடிச்சிருக்கீங்களே’ என்று சொல்ல வந்தவன், நல்லவேளை, வாயை மூடிக்கொண்டான்.

மேடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தக் கடைசித் தாளை வாங்கிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மூலை மூலையாக.

“இதை நீங்க சரியா பாத்தீங்களா?”

“அந்த நம்பரைப் பாத்தேன். அப்புறம் பாக்க முடியல. போலீஸ் குடுத்த உறையைப் பிரிக்கவே இல்லை.”

“அன்னிக்கு மழையா?”

“மழையா? தார் உருகற வெயில் மேடம்.”

மேடம் சரி என்று தலையாட்டித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பேச ஒன்றும் இல்லாதபோது எல்லாரும் பேசுவது மழையைப் பற்றித்தானே என்று சோடா நினைத்துக்கொண்டான்.

பேய் விஷயத்தைச் சொன்னவன் வெல்டர். இறந்தவனிடம் பத்து வருஷம் வேலை பார்த்தவன். ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு, ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல் பேசினான்.

“போன வாரம் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருத்தரு வந்தாரு. அவரு வேற இடத்து டைனோல ஓட்டிப் பாத்தப்ப முந்நூத்தி ஆறு. இங்க வந்து ஓட்டினா இருநூத்தி அறுவத்தாறு. அதே வண்டி, அதே டீசல். நாப்பது குதிரை எங்க போச்சு சொல்லுங்க? அண்ணன் பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கறாரு. வண்டியைக் குடுக்க அவருக்கு மனசில்லை.”

“நாப்பது குதிரையை ஒருத்தரா பிடிச்சு இழுக்கறாருன்னா” என்றான் சோடா, “அவரையே கட்டி ஓட்டியிருக்கலாம், பந்தயத்துல ஜெயிச்சிருப்பாரு.”

“சிரிங்க. உள்ள போய் ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க. நெஞ்சை அழுத்தும். பின்னால யாரோ நிக்கற மாதிரி இருக்கும். எனக்குத் தலை சுத்தி ரெண்டு நாள் எழுந்திரிக்கல.”

மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். “அவரு வழக்கமா எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டுவோம். ஹோஸை மாட்டு, விசிறியைப் போடு, ஷட்டரை இறக்கு.”

ஆபீஸ் வாசலில் நின்றிருந்த மனைவி சட்டென்று சொன்னாள். “ஷட்டர் திறந்தே இருக்கட்டும் மேடம்.”

“அவரு மூடித்தானே ஓட்டினாரு?”

மேடம் அவளை வெளியே நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கி வந்த வெல்டரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, சோடாவை மெஷின் முன்னால் உட்கார வைத்து, ஷட்டரைத் தாழ் போட்டார்.

மெஷின் சோடாவிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டது. காற்றின் வெப்பம் எவ்வளவு?

“சுவர்ல தெர்மாமீட்டர் இருக்கு பாருங்க, அதைப் பாத்து அடிங்க” என்று வெல்டர் வண்டியிலிருந்து கத்தினான். “சூடான காத்துல எஞ்சினுக்கு மூச்சு பத்தாது. அதனால வெயில் நாள்ல மெஷின் கொஞ்சம் சேத்துப் போட்டுக் குடுக்கும். குளிர் நாள்னா கொஞ்சம் பிடிச்சுக்கும். எல்லா நாளும் ஒரே நியாயமா இருக்கணுமில்ல.”

“மார்க் போடற வாத்தியாரை விட நல்ல மனசு” என்று சொல்லி சோடா 31 என்று அடித்தான்.

முதல் ஓட்டம். ஷெட்டே அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கலகலவென்று ஆடின. தாளில் 279.

இரண்டாவது. 271. சோடாவுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி ஆரம்பித்தது. வெளியே ஷட்டரை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. “போதும், நிறுத்துங்க, கதவைத் திறங்க” என்று மனைவியின் குரல். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே ஒழிய எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது. 266. அப்போதுதான் சோடாவின் பின்கழுத்தில் அந்தக் கை வந்தது. கனமான கை. அவசரமே இல்லாமல், ‘தள்ளு, நான் பாக்கறேன்’ என்று சொல்ல வந்தவனின் கைபோல. அவன் திரும்பினான். சுவரும் தெர்மாமீட்டரும்தான் இருந்தன. பேச வாயெடுத்தால் நாக்கு புரளவில்லை. எட்டு வருஷம் நெரிசல் பஸ்ஸில் நின்றவன், முதல் தடவையாக ஒரு காலி ஷெட்டில் மூச்சு முட்டி நின்றான்.

“வண்டியை நிறுத்து” என்று சொல்லிக்கொண்டே மேடம் ஷட்டரைத் தூக்கினார். மூன்று பேரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

சோடா ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நிமிர்ந்தபோது அவன் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி ஓடுகிற உறுமல் அதில் நன்றாகக் கேட்டது. குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிலந்தி வலை. வலையில் மாட்டிய ஒரு காய்ந்த இலை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைவலியிலும் ஏதோ உறைத்தது.

“மேடம்” என்று கூப்பிட்டான். “இங்க வாங்க. விசிறி ஓடுது. சிலந்தி வலை ஆடல.”

மேடம் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. “கையை விடு” என்றார்.

ஒரு டிரம்மைக் கவிழ்த்து ஏறி சோடா முழங்கை வரைக்கும் கையை விட்டான். கரி. கரிக்கு உள்ளே துணி. இறுக்கிச் செருகியிருந்தது. இழுத்து இழுத்து ஒருவழியாக வெளியே எடுத்தபோது, அடைபட்டிருந்த காற்று அவன் முகத்தில் புஸ்ஸென்று அடித்தது.

“இதுதான் உங்க பேய்” என்றார் மேடம் வெல்டரிடம். “புகை வெளிய போக வழியில்லை. ஹோஸ்லயே முட்டிக்கிட்டு நிக்குது, எஞ்சினை மூச்சு விட விடல. அதான் நாப்பது குதிரை. மிச்சப் புகை ஹோஸ் இடுக்குல கசிஞ்சு ஷெட்டுக்குள்ள வருது. நெஞ்சை அழுத்தினது, பின்னால ஆள் நின்னது எல்லாம் அதுதான். அதிக நேரம் இருந்திருந்தா நாமளும் உள்ளயே கிடந்திருப்போம்.”

வெல்டர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. துணியை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாம்பல் நிறச் சட்டை. பாக்கெட்டில் ஷெட்டின் பேர் தைத்திருந்தது.

“அண்ணன் சட்டை” என்றான். “அவரே அடைச்சுட்டு அவரே ஹோஸையும் கழட்டியிருக்காரு. அப்ப போலீஸ் சொன்னது சரிதானா மேடம்? அண்ணிகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?”

சோடாவுக்கும் திக்கென்றது. ஏழு வயசுக் குழந்தைக்குப் பதில் கிடைத்துவிட்டது, இப்படி ஒரு பதில். அவன் சட்டையைக் கையில் வாங்கினான். வேறெதுவும் செய்யத் தோன்றாமல் அதை மடிக்கப் போனான். விரல் கழுத்தில் பட்டது. பட்டன் மாட்டியிருந்தது. மேலிருந்து கீழ் வரை ஏழு பட்டனும்.

எண்ணெய்க் கையோடு வேலை செய்கிறவன், அவசரத்துக்கு ஒரு சட்டையைச் சுருட்டி அடைப்பவன், ஏழு பட்டனும் மாட்டிவிட்டா அடைப்பான்? அதிலும் இந்தச் சட்டையில் எண்ணெய்க் கறையே இல்லை. உள்மடிப்பில் இஸ்திரி போட்ட கோடு இன்னும் இருந்தது.

அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் அவனைப் பார்த்தார்.

“அலமாரியில அஞ்சு இருக்கு” என்றான் சோடா மெதுவாக. “வாரத்துக்கு ஆறு நாள் வேலை.”

“ஆமா” என்றார் மேடம். “ஷட்டர் திறந்தே இருக்கட்டும்னு சொன்னது ஞாபகம் இருக்கா? ஹோஸ் மாட்டி விசிறியும் ஓடறப்ப புகை வெளிய போயிடும்னு நம்பறவங்களுக்கு ஷட்டர் திறந்தா என்ன, மூடினா என்ன? ரெண்டாவது ஓட்டத்துக்கே தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.”

அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் நடந்தது சோடாவுக்கு நெடுந்தூரமாக இருந்தது.

அவள் சட்டையைப் பார்த்ததும் அழவில்லை. கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கரி அவள் உடுப்பெல்லாம் ஒட்டியது.

“எடுத்துட்டீங்களா” என்றாள். “அந்தச் சந்துப் பக்கம் என்னால போகவே முடியல. போன வாரம் வெல்டர் தம்பி விழுந்ததும்தான், இன்னொரு உயிர் போயிடுமோன்னு உங்களுக்கு போன் பண்ணினேன். நானா சொல்ல வாய் வரல. யாராவது எடுத்து முன்னால வச்சா சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு அவரு வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப, நான் இங்க வந்து அடைச்சேன். புகை வெளிய போகலைன்னா நம்பர் இறங்கும்னு எனக்குத் தெரியும். பத்து வருஷமா தாள் அடிக்கறவளுக்குத் தெரியாதா? முந்நூறு வரலைன்னா பந்தயத்துக்குப் போக மாட்டேன்னு சொன்னாரே. போன வருஷம் அந்த வீட்டுல, சவப்பெட்டியை மூடியே வச்சிருந்தாங்க. நான் அதைப் பாத்துட்டு வந்தவ.” அவள் கழுத்துப் பட்டனைத் தடவினாள். “ஒரு நாள் நம்பர் குறையட்டும். பந்தயத்துக்குப் பேர் குடுக்கற நாள் தாண்டட்டும். அப்புறம் எடுத்துடலாம்னு நினைச்சேன். அவரு மனசு அவ்வளவு ஒடிஞ்சுபோகும்னு நினைக்கல. ஹோஸைக் கழட்டிட்டுப் படுத்துட்டாரு. நான்தான் மேடம் அவரைக் கொன்னேன். போலீஸ் எழுதினது சரிதான், காரணம் மட்டும்தான் அவங்களுக்குத் தெரியல.”

வெல்டர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான்.

“அன்னிக்கு ஓட்டின மத்த தாளெல்லாம் எங்க?” என்று கேட்டார் மேடம்.

அவள் கோப்பைக் காட்டினாள். அஞ்சு மாசமாக யாரும் பிரிக்காத கோப்பு. அன்றைக்கு அவள் கணவனே அடித்துப் போட்ட மூன்று தாள்கள். சோடா ஒவ்வொன்றாக வாசித்தான். இரண்டு பத்துக்கு 283. இரண்டு இருபத்தைந்துக்கு 274. இரண்டு நாற்பதுக்கு 269. மூன்றிலும் மூலையில் வெப்பம் 38. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் ஒரு வரி.

“அண்ணன் வழக்கம் அது” என்றான் வெல்டர். “ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாத்தம்தான் செய்வாரு. என்ன மாத்தப் போறோம்னு பின்னால எழுதிட்டுத்தான் கையை வைப்பாரு.”

முதல் தாளின் பின்னால்: ஃபில்டர். இரண்டாவதில்: டர்போ க்ளாம்ப். மூன்றாவதில்: புகை ஹோஸ்?

“கேள்விக்குறி போட்டிருக்காரு” என்றார் மேடம். “சாகப்போற ஆளு கேள்விக்குறி போட மாட்டாரும்மா. குதிரை எங்க போச்சுன்னு தேடியிருக்காரு. ஃபில்டர் இல்லை, க்ளாம்ப் இல்லை, அடுத்து ஹோஸான்னு சந்தேகம். கழட்டிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்காரு. எண் மேல இருந்த கண்ணு மூச்சு மேல இல்லை. ஏற்கெனவே உள்ள புகை நிறைஞ்சிருக்குன்னு அவருக்குத் தோணல. வேற யாரா இருந்தாலும் வெளிய வந்து காத்து வாங்கியிருப்பாங்க. இவரு ட்யூனர்.”

“ஆனா நம்பர் வரலையே. தொண்ணூத்தி நாலுதானே.”

“உறையைப் பிரிங்க. மூலையில வெப்பம் என்ன போட்டிருக்கு?”

அவள் அஞ்சு மாசம் கழித்து அந்த உறையைப் பிரித்தாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பன்னெண்டு” என்றாள். புரியாமல் மறுபடியும் பார்த்தாள். “பன்னெண்டு டிகிரியா? அன்னிக்கா?”

மழையா என்று மேடம் கேட்டது இப்போதுதான் சோடாவின் மண்டையில் ஏறியது. வெல்டர் சொன்னதும் கூடவே வந்தது. குளிர் என்று சொன்னால் மெஷின் பிடித்துக்கொள்ளும்.

மேடம் அவனிடம் தலையை அசைத்தார். சோடா மெஷினுக்குப் போனான். மனைவியும் எழுந்து பின்னாலேயே வந்தாள். மெஷின் தான் அளந்ததை அப்படியே வைத்திருந்தது. அன்றைய தேதி, கடைசி ஓட்டம், மூன்று மணி ஐந்து நிமிஷம். தாள் அடித்தது மூன்று ஒன்பது. வெப்பம் 12. குதிரைசக்தி 294.

“அந்தப் பன்னெண்டை அழிச்சுட்டு முப்பத்தெட்டு போடு.”

சோடா அழித்தான். முப்பத்தெட்டு என்று அடித்தான். திரையில் எண் மாறியது.

307.

பின்சுவரில் அடைப்பு நீங்கிய விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வந்துடுச்சு” என்றான் வெல்டர். குரல் உடைந்திருந்தது. “அண்ணன் முந்நூறைத் தாண்டிட்டாரு. அப்புறம் எதுக்குப் பொய்யா அடிச்சாரு?”

“யாருக்குக் காட்ட அடிச்சாரோ அவங்களைக் கேளு” என்றார் மேடம்.

மனைவி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உங்ககிட்ட குடுத்த வாக்கு அது. முந்நூறு வந்தா ஏறணும்” என்றார் மேடம். “வந்துடுச்சு. ஏற அவருக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டுக்கு அவரும்தானே உங்ககூட வந்தாரு? பயமா இருக்கு, போகலைன்னு வாய்விட்டுச் சொல்ல வெட்கம் போல. ஒரு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவரு. அதனால மெஷினைச் சொல்ல வச்சாரு. மூணு அஞ்சுலேருந்து மூணு ஒன்பது வரைக்கும் நாலு நிமிஷம் இங்க உக்காந்து, எத்தனை டிகிரி போட்டா முந்நூறுக்குக் கீழ வரும்னு போட்டுப் போட்டுப் பாத்திருக்காரு. அந்த நாலு நிமிஷம்தான் அவரை எடுத்துடுச்சு. தாளை எடுத்துட்டு ஷட்டரைத் திறந்து உங்ககிட்ட வரத்தான் எழுந்திருக்காரு.”

“அப்ப நான் அடைக்கலைன்னா...”

“அடைக்கலைன்னா ஹோஸைக் கழட்டியிருக்க மாட்டாரு. அதை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டு இந்த அறையை விட்டுப் போக எனக்கு மனசு வராது.” மேடம் அவள் தோளைத் தொட்டார். “ஆனா நீங்க கேட்டது வேற. உங்களையும் குழந்தையையும் வேண்டாம்னு அவரு போகல. உங்களோட இருக்கணும்னுதான் அந்த நாலு நிமிஷமும் உக்காந்திருந்தாரு. இதை நீங்க உங்க பொண்ணுகிட்ட தலை நிமிர்ந்து சொல்லலாம். போலீஸ்கிட்டயும் உள்ளதை உள்ளபடி சொல்லணும். நான் கூட வரேன்.”

“இன்னிக்கே போயிடலாம் மேடம்” என்றாள். “ஒரு நிமிஷம்.”

அவள் சோடாவைப் பார்த்தாள். சோடா எழுந்து நாற்காலியை விட்டான். அவள் உட்கார்ந்தாள். பத்து வருஷம் பழகிய கை. விசையைப் பார்க்காமலே அடித்தது. முப்பத்தெட்டை அழித்து, பன்னிரண்டு என்று மறுபடியும் போட்டாள். மெஷின் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. 294.

சோடா வழக்கம்போல எதையாவது சொல்லி அந்தக் கனத்தைக் குறைக்கப் பார்த்தான். புகை இப்போது இல்லை. ஆனாலும் தனக்குப் பின்னால் ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத்தான் அவனுக்கு இருந்தது. அவன் திரும்பவில்லை. ஓர் அடி நகர்ந்து வழி விட்டான்.

அவள் கரிப்பட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, புதுத் தாளைக் கையில் எடுத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள், கணவன் கொண்டுவந்து நீட்டியிருந்தால் எப்படிப் படித்திருப்பாளோ அப்படி.

“சரிங்க” என்றாள் அந்தத் தாளிடம். “போக வேண்டாம்.”